ஃபர்ஸ்ட் கிளாஸ் முடிந்தது, ஈகிள் வரை இனி என்ன?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு 15 வயது 3 மாதம், பத்தாம் வகுப்பு. சென்ற மாதம்தான் சாரணர் படையில் ஃபர்ஸ்ட் கிளாஸ் நிலையை எட்டினான். கையில் ஒன்பது மெரிட் பேட்ஜ்கள் (ஒவ்வொரு துறையிலும் கற்றுத் தேர்ந்ததற்கான சின்னங்கள்) இருக்கின்றன. 18 வயதுக்குள் சாரணியத்தின் மிக உயர்ந்த நிலையான ஈகிள் ஸ்கவுட் ஆக முடியுமா? அடுத்த கோடையில் ஊருக்குப் போகிறார்கள். பதினோராம் வகுப்பில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு, சனிக்கிழமைகளில் மிருதங்க வகுப்பு. "பெற்றோர் பின்னால் நின்று தள்ளினால்தான் நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு தள்ளுவது?" என்று முடித்திருக்கிறார். மகளுக்கும் சாரணியத்தில் ஆசை இருப்பதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

முடியும். காலம் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பல ஆண்டுகளாக ஒரு படையில் துணை ஸ்கவுட்மாஸ்டராக, அதாவது படைத் தலைவருக்கு உதவியாளராக, இருக்கிறேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் வரை விறுவிறுவென்று வந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. அந்த இடத்தில் ஆட்டத்தின் விதியே மாறிவிடுகிறது. அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் ஏழு நிலைகள் உண்டு. (பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பழைய பெயர் 2025 பிப்ரவரி 8 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா ஆகிவிட்டது.) ஸ்கவுட், டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆகிய முதல் நான்கும் கற்றுக்கொள்ளும் நிலைகள். முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, திசைகாட்டியை வைத்து வழி கண்டுபிடிப்பது, முதலுதவி, முகாமில் சமைப்பது ஆகியவை இங்கே வருகின்றன. படையின் வாராந்திரக் கூட்டத்துக்கும் மாதாந்திர முகாமுக்கும் ஒழுங்காக வந்தாலே இவற்றில் பெரும்பகுதி தானாக நிறைவேறிவிடும். அடுத்துவரும் ஸ்டார், லைஃப், ஈகிள் மூன்றிலும் புதிய முடிச்சு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே கேட்கப்படுபவை பேட்ஜ்கள், சேவை, பொறுப்பு, மாதக்கணக்கு. எதுவும் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் தானாக நடக்காது. பையனே ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும், ஒரு நாளைக் குறிக்க வேண்டும், இன்னொருவரிடம் போய் நின்று கேட்க வேண்டும்.

முதலில் மாதக்கணக்கு. ஃபர்ஸ்ட் கிளாஸ் சாரணராக நான்கு மாதம் படையில் செயல்பட்டால்தான் ஸ்டார். ஸ்டாராக ஆறு மாதம் இருந்தால்தான் லைஃப். லைஃபாக ஆறு மாதம் இருந்தால்தான் ஈகிள். மொத்தம் 16 மாதம். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதில் ஒரு நாளும் குறையாது. உங்கள் மகனுக்கு 18 வயது நிறைய இன்னும் 33 மாதம் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உபரி. பதினாறே முக்கால் வயதில் ஃபர்ஸ்ட் கிளாஸ் முடித்துவிட்டு வந்து கேட்பவர்களிடம் கணக்கே இடம் தரவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் அந்த நிலையில் இல்லை. அந்த மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஊருக்குப் போகும் ஆறேழு வாரத்தால் அவனுடைய பழைய கணக்கு அழிந்துவிடாது, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

"செயல்பட்டால்" என்பதற்கு என்ன பொருள் என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். ஒவ்வொரு படையும் நியாயமான ஓர் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளலாம். இத்தனை கூட்டம், இத்தனை முகாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதை எட்டாத பையன் பள்ளியிலோ கலையிலோ விளையாட்டிலோ பயனுள்ள முறையில் ஈடுபட்டிருந்தால் அதையும் கருத்தில் கொள்ள இயக்கத்தின் வழிகாட்டுநெறிகள் இடம் கொடுக்கின்றன. மிருதங்கம் அவனுக்கு எதிரி அல்ல. ஆனால் அதை ஸ்கவுட்மாஸ்டரிடம் அவனே முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்தது பேட்ஜ்கள். ஈகிளுக்கு 21 வேண்டும். அவற்றில் பாதிக்கு மேல் கட்டாயப் பட்டியலிலிருந்து வர வேண்டும். முதலுதவி, சமையல், முகாம் வாழ்க்கை, குடும்ப வாழ்க்கை, பண மேலாண்மை, உடல்தகுதி, தகவல்தொடர்பு, ஊர், நாடு, உலகம் என்ற வரிசையில் குடிமைப் பேட்ஜ்கள் என்று அந்தப் பட்டியல் போகும். பட்டியல் அவ்வப்போது மாறும். அண்ணன் காலத்துப் புத்தகத்தை நம்பாமல் இந்த ஆண்டின் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாருக்கு ஆறு பேட்ஜ் போதும், அதில் நான்கு கட்டாயப் பட்டியலைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். லைஃபுக்கு மேலும் ஐந்து, அதில் மூன்று கட்டாயம். பேட்ஜ்களுக்கு மாதக்கணக்குப் போல நிலைக் கட்டுப்பாடு இல்லை, எந்த நிலையில் வாங்கினாலும் செல்லும். உங்கள் மகனின் ஒன்பதில் நான்கு கட்டாயப் பட்டியலில் இருந்தால் ஸ்டாருக்கான பேட்ஜ் பகுதி இப்போதே முடிந்துவிட்டது. ஒன்பதும் வில்வித்தை, கூடை முடைதல், தோல்வேலை என்றிருந்தாலும் வருந்த வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை ஈகிள் கணக்கில் சேரும். முதல் இரண்டு கோடை முகாம்களில் பிள்ளைகள் இவற்றைத்தான் விரும்பி எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும்.

பட்டியலில் உள்ள எல்லாப் பேட்ஜும் ஒரே மாதிரி அல்ல. சிலவற்றை நான்கு சந்திப்பில் முடித்துவிடலாம். சிலவற்றுக்கு நாட்காட்டிதான் எஜமான். உடல்தகுதிப் பேட்ஜுக்கு 12 வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் போட்டு, நடத்தி, எழுதி வைக்க வேண்டும். பண மேலாண்மைக்கு 13 வாரம் வரவுசெலவுக் கணக்கு எழுத வேண்டும். குடும்ப வாழ்க்கைக்கு வீட்டில் 90 நாள் சில வேலைகளைப் பொறுப்பேற்றுச் செய்து பதிய வேண்டும். இந்த மூன்றையும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 18-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது திறந்து பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அதற்கு மருந்தே கிடையாது. 90 நாளும் 13 வாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். மூன்று பேட்ஜ் ஆலோசகர்களிடமும் (பேட்ஜ் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பெரியவர்கள்) முதலில் பேசிவிட்டு மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் மூன்றும் ஒரே காலாண்டில் முடியும். ஒரு குறிப்பேடு, மூன்று பத்தி. பாத்திரம் துலக்கியது ஒரு பத்தியில், ஓடிய தூரமும் எடுத்த தண்டாலும் அடுத்ததில், நொறுக்குத்தீனிக்குச் செலவழித்தது மூன்றாவதில். இதை இந்தக் குளிர்காலத்திலேயே செய்யச் சொல்வேன்.

முகாம் பேட்ஜுக்கு 20 இரவுகள் வேண்டும். அந்த 20-ம் சாரணர் நிகழ்ச்சியில் கழிந்த இரவுகளாக இருக்க வேண்டும், குடும்பத்தோடு போன முகாம் சேராது. திறந்த வானத்தின் கீழோ கூடாரத்திலோ படுத்திருக்க வேண்டும், மரக்குடிலில் கட்டிலில் படுத்த இரவு சேராது. ஒரு வாரக் கோடை முகாம் ஒன்றுக்கு ஆறு இரவு வரைதான் கணக்கில் வரும், இரண்டாவது கோடை முகாமின் இரவுகள் அதே கணக்கில் ஏறாது. ஆக மீதி இரவுகள் மாதாந்திர முகாம்களிலிருந்துதான் வர வேண்டும். ஒரு முகாமுக்கு ஒன்றோ இரண்டோ இரவுதான் கிடைக்கும். இன்று மாலையே உங்கள் மகனை உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 20-ஐத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், எண்ணிப் பார்த்தால் பதின்மூன்றில் நிற்கும்.

கட்டாயப் பட்டியலில் நீச்சல், நெடுநடை, சைக்கிள் ஆகிய மூன்றில் ஒன்று போதும். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு நீச்சல்தான் குறுக்குவழி. நெடுநடைப் பேட்ஜில் பல நடைகள் போய்க் கடைசியில் ஒரே நாளில் 20 மைல் நடக்க வேண்டும். சாலை சைக்கிளில் கடைசி ஓட்டம் 50 மைல், எட்டு மணி நேரத்துக்குள். நேரம் இருக்கும் பையனாக இருந்தால் நெடுநடையை எடு என்பேன். 20 மைல் நடந்து முடித்த மாலையில் ஒரு பையனின் முகம் இருக்கும் விதத்தை அவன் பெற்றோர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் ஒரு கல்லூரி வளாகத்தில் நூறு பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று பேட்ஜ் முடித்துத் தருவதாகச் சொல்லும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. தொழில்நுட்பம் சார்ந்த சில பேட்ஜ்களுக்கு அவை நன்றாகவே பயன்படும். கட்டாயப் பட்டியலுக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பேட்ஜ் விதிகளில் "செய்துகாட்டு" என்றால் செய்துகாட்ட வேண்டும், "விவாதி" என்றால் விவாதிக்க வேண்டும். பின்வரிசையில் தலையாட்டியது எதுவும் ஆகாது. அந்தப் பேட்ஜ்களின் உண்மையான பயனே வேறு இடத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெரியவரைப் பையன் தொடர்புகொண்டு, நேரம் கேட்டு, தயாரித்துக்கொண்டு போய்ப் பேசுகிறான் அல்லவா, அதுதான். ஊர்க் குடிமைப் பேட்ஜுக்காக நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, நடைபாதை பழுதுக்கு யார் பணம் தருவது என்று இரண்டு தரப்பு சண்டை போடுவதைக் கேட்ட பிள்ளைக்குச் சமூகப் பாடப் புத்தகம் வேறு மாதிரிப் புரியும். முடிக்காமல் விட்ட பேட்ஜ் 18 வயது வரை காலாவதியாவதில்லை. பாதியில் நிற்கும் ப்ளூ கார்டுகளை (பேட்ஜில் எதுவரை முடிந்தது என்று பதியும் அட்டைகள்) பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பொறுப்பு என்ற பகுதிக்கு வருவோம். ஸ்டாருக்கு நான்கு மாதம், லைஃபுக்கு ஆறு, ஈகிளுக்கு ஆறு என்று படையில் ஏதாவது ஒரு பொறுப்பை வகிக்க வேண்டும். அந்தந்த நிலையில் இருக்கும்போது வகித்ததுதான் எண்ணப்படும். செகண்ட் கிளாஸில் ஓராண்டு எழுத்தராக இருந்தது ஸ்டாருக்கு உதவாது. எல்லாப் பொறுப்பும் எண்ணப்படுவதும் இல்லை. துணை அணித்தலைவர் பதவி இந்தக் கணக்கில் வராது, இதை அறியாமல் ஆறு மாதத்தை இழந்தவர்கள் உண்டு. அணித்தலைவர், மூத்த அணித்தலைவர், எழுத்தர், நூலகர், பொருள்காப்பாளர், புதியவர்களுக்கு வழிகாட்டி, குட்டிச் சாரணர் குழுவை நடத்த உதவும் டென் சீஃப் ஆகியவை வரும். கூச்ச சுபாவமுள்ள பையனுக்கு டென் சீஃப் அருமையான இடம். சமவயதினர் முன்னால் வாய் திறக்காதவன் எட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் அரசனாகிவிடுவான்.

பொருள்காப்பாளர் பொறுப்பை எல்லோரும் எளிது என்று நினைக்கிறார்கள். மழையில் நனைந்த ஒரு முகாமுக்குப் பிறகு ஞாயிறு மதியம் நடப்பதைச் சொல்கிறேன். ஈரக் கூடாரங்கள் எட்டு. அவற்றை மடித்துச் சரக்கறைக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, கராஜில் விரித்துக் காயவைத்து, அடுத்த கூட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவரச் செய்ய வேண்டும். எண் போட்ட எந்தக் கூடாரம் யாரிடம் போனது என்று எழுதி வைக்காத பொருள்காப்பாளரிடம் அடுத்த மாதம் ஏழு கூடாரம்தான் இருக்கும், அதில் ஒன்றுக்குக் கம்பி இருக்காது. எழுதி வைத்தவன் செவ்வாய் இரவு நான்கு பேருக்குச் செய்தி அனுப்புவான், பதில் வராத இருவரைக் கூப்பிடுவான். அந்த இரண்டு அழைப்புதான் அந்தப் பொறுப்பு. தோளில் தைத்த துணிப்பட்டை அதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே.

பொறுப்பில் குறை இருந்தால் தலைவர்கள் நடுவிலேயே சொல்லித் திருத்த வேண்டும். ஆறு மாதம் முடிந்த பிறகு "போதாது" என்று சொல்வது இயக்கத்தின் நெறி அல்ல. அதுபோலவே எந்தப் படைக்கும், எந்தத் தலைவருக்கும், விதியில் இல்லாத ஒன்றைக் கூட்டவோ இருப்பதைக் குறைக்கவோ அதிகாரம் கிடையாது. "எங்கள் படையில் 16 வயதுக்கு முன் ஈகிள் கிடையாது" என்று யாராவது சொன்னால் அது செல்லாது. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. பணிவாகக் கேட்டால் பெரும்பாலான தலைவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள்.

சேவை மணிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாருக்கு ஆறு மணி, லைஃபுக்கு ஆறு மணி. லைஃபின் ஆறில் குறைந்தது மூன்று மணி இயற்கைப் பாதுகாப்பு சார்ந்ததாக இருக்க வேண்டும். லைஃபுக்கு இன்னொன்றும் உண்டு. கீழ்நிலைச் சாரணர் ஒருவருக்கு ஒரு திறனைக் கற்றுக்கொடுக்க வேண்டும். விளக்கிச் சொல், செய்துகாட்டு, கூட இருந்து செய்யவை, பிறகு தனியாக விடு என்று நான்கு படி. என்னைக் கேட்டால் இந்த மூன்று நிலைகளின் உயிரே இந்தச் சின்ன விதியில்தான் இருக்கிறது. நான்காவது படி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் தவிக்கிற பதினைந்து வயதுப் பையனைப் பார்த்தால் அவனுடைய அப்பாவும் அம்மாவும் நினைவுக்கு வருவார்கள்.

ஈகிள் சேவைத் திட்டம்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. லைஃப் ஆன பிறகுதான் தொடங்கலாம். ஒரு வழிபாட்டுத் தலத்துக்கோ பள்ளிக்கோ சமூகத்துக்கோ பயன்படும் ஒரு வேலையைத் திட்டமிட்டு, மற்றவர்களை வழிநடத்தி முடிக்க வேண்டும். சாரணர் இயக்கத்துக்கே பயன்படும் வேலை கூடாது. வெறும் நிதி திரட்டலும் கூடாது. குறைந்தபட்ச மணிக்கணக்கு என்று ஒன்று இல்லை. "நூறு மணி நேரம் வேண்டும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பையனைத் தவிர இரண்டு பேராவது வேலையில் இருக்க வேண்டும். அவனுடைய தலைமை வெளிப்படப் போதுமான வேலையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அளவு.

இதற்கென ஒரு பணிப்புத்தகம் இருக்கிறது. முதலில் முன்மொழிவு. பயன்பெறும் நிறுவனம், ஸ்கவுட்மாஸ்டர், படைக் குழு (படையை நிர்வகிக்கும் பெரியவர்கள்), வட்டாரக் கவுன்சில் (அந்தப் பகுதிப் படைகளுக்கு மேலுள்ள அமைப்பு) என்று நான்கு தரப்பும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். நான்காவது கையெழுத்து விழும்முன் வேலையைத் தொடங்கக் கூடாது, பணம் திரட்டவும் கூடாது. இந்த விதியை மீறினால் நல்ல வேலையும் வீணாகிவிடும். குடும்பம், உறவினர், படை, பயன்பெறும் நிறுவனம் தவிர வெளியாரிடம் பணம் கேட்பதாக இருந்தால் தனி விண்ணப்பம் ஒன்று உண்டு. மிஞ்சிய பணம் பையனுக்கு இல்லை, பயன்பெறும் நிறுவனத்துக்கே. பெற்றோர் நண்பர்கள் குழுவில் அப்பா ஒரு செய்தி தட்டி, ஒரே இரவில் பணம் குவிந்துவிடுவது நம் குடும்பங்களில் நடக்கிறது. அந்தச் செய்தியை அப்பா தட்டவே வேண்டாம்.

எங்கள் பகுதியில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்று வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. நூலகப் புத்தகங்களை ஒரு தன்னார்வலர் பிளாஸ்டிக் பெட்டிகளில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு பையன் அதற்குச் சக்கரம் வைத்த புத்தக அலமாரிகள் செய்து தருவதாக முன்மொழிந்தான். பள்ளி என்ற வகையில் அது பொருந்தும், இப்படித் தமிழ்ப்பள்ளிகளையும் கோயில்களையும் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. வரைபடத்தில் சட்டங்களுக்கு டூ-பை-ஃபோர் மரத்தை இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் என்றே கணக்கிட்டிருந்தான். கடையில் விற்கும் டூ-பை-ஃபோர் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஆறு சட்டம் அடுக்கும் இடத்தில் மூன்று அங்குலம் காணாமல் போய்விடும். ஆலோசகராக இருந்த தச்சர் அதைச் சொல்லவில்லை. "கடைக்குப் போய் ஒரு துண்டை அளந்துவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அளந்து வந்து வரைபடத்தை அவனே மறுபடி போட்டான்.

வேலை நாளன்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். துளைபோடும் கருவியைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை. வேலை அழகாகத்தான் நடந்தது. அவன் மட்டும் வியர்க்க விறுவிறுக்கத் துளை போட, சின்னப் பையன்கள் மரத்தூளில் பெயர் எழுதி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மதிய உணவு நேரத்தில் தச்சர் அவனை ஓரமாக அழைத்து, இனிமேல் கருவியைத் தொடாதே என்றார். பிற்பகல் முழுவதும் அவன் கையில் ஒரு பென்சிலும் பட்டியலும்தான் இருந்தன. யார் தேய்ப்பது, யார் அளப்பது, யாருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, மின்கலம் எது தீர்ந்துவிட்டது என்று சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் வகுப்பு முடித்த ஒரு தம்பிக்கு உப்புத்தாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். காலையில் நல்ல தச்சனாக இருந்தவன் பிற்பகலில்தான் ஈகிள் திட்டத்தைச் செய்தான். அறிக்கையில் அவன் எழுத வேண்டியதும் அந்தப் பிற்பகலைப் பற்றித்தான்.

உலகச் சமூகம் என்ற பொருளில் தமிழ்நாட்டில் உள்ள ஒரு பள்ளிக்குச் செய்யவும் விதி இடம் தருகிறது. ஆனால் நான் தயங்குவேன். ஒப்புதல் கையெழுத்து, இடத்தைப் பார்ப்பது, தன்னார்வலரைத் திரட்டுவது எல்லாம் தூரத்திலிருந்து நடக்கும்போது தலைமை மாமாவின் கைக்கோ தாத்தாவின் கைக்கோ போய்விடும்.

கடைசியில் விண்ணப்பம். பேட்ஜ் தேதிகள், நிலை தேதிகள், பொறுப்புத் தேதிகள் எல்லாம் கவுன்சில் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு தேதிப் பிழையால் விண்ணப்பம் திரும்பி வருவது உண்டு. ஆகவே லைஃப் ஆனதுமே பதிவுகளைச் சரிபார்த்துவிட வேண்டும். வாழ்க்கை நோக்கம் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும். பரிந்துரைப்போர் பட்டியலில் பெற்றோர், ஆசிரியர், மற்ற இருவர், சமயம் சார்ந்த ஒருவர் என்று வரும். கோயிலோடு நிரந்தரத் தொடர்பு இல்லாத குடும்பம் என்றால் சமயப் பரிந்துரையைப் பெற்றோரே தரலாம். இதற்காகத் திடீரென்று ஒரு குருக்களைத் தேடி ஓட வேண்டாம்.

போர்ட் ஆஃப் ரிவ்யூ என்ற நேர்காணலை மூன்று முதல் ஆறு பேர் வரை நடத்துவார்கள். எல்லோருக்கும் 21 வயதாவது இருக்க வேண்டும். அவனுடைய ஸ்கவுட்மாஸ்டரும் துணைத் தலைவர்களும் பெற்றோரும் அதில் உறுப்பினராக முடியாது. முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். இது மறுதேர்வு அல்ல, முடிச்சுப் போடச் சொல்ல மாட்டார்கள். சாரணர் சட்டத்தின் 12 பண்புகளில் உனக்குக் கடினமானது எது, உன் திட்டத்தில் எது கோணலாகப் போனது, அப்போது என்ன செய்தாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் தானே செய்த பையனுக்கு இது முக்கால் மணி நேர இன்பப் பேச்சு. அம்மா எழுதிய மின்னஞ்சல்களின் மேல் ஏறி வந்தவன் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவான். மற்ற விதிகள் 18-ஆவது பிறந்தநாளுக்கு முன் முடிந்திருந்தால் போதும், இந்த நேர்காணலை அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் வழக்கம்போல் நடத்தலாம்.

இப்போது உங்கள் கேள்வி. எவ்வளவு தள்ளுவது? வண்டி ஓட்டுங்கள். முகாமுக்குக் கொண்டுபோய் விடுங்கள், ஆணி வாங்கக் கடைக்கு அழைத்துப் போங்கள், வேலை நாளுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை "எதில் நிற்கிறாய்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு அத்தோடு விடுங்கள். ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதாதீர்கள். அவன் எழுதட்டும், நகலில் உங்கள் முகவரியைச் சேர்க்கட்டும். சிறுவர் பாதுகாப்பு விதிப்படி ஒரு பெரியவரோடு தனியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்பதால் அந்த நகல் எப்படியும் தேவை. பணிப்புத்தகத்தை நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்துக்காகத்தான் ஈகிள் என்று வீட்டில் பேசாதீர்கள். அது விண்ணப்பத்தில் ஒரு நல்ல வரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் செய்கிற பையன் எழுதும் கட்டுரையில் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அவனுக்கே வேண்டாம் என்றால் லைஃபோடு நின்றாலும் குறைவில்லை. லைஃப் வரை வந்தவன் நிறையவே கற்றிருக்கிறான்.

மகளுக்கு: தாராளமாகச் சேர்க்கலாம். 2019 பிப்ரவரி 1 முதல் பெண்பிள்ளைகளும் இந்த நிலைகளில் ஏறுகிறார்கள். முதல் பெண் ஈகிள்கள் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டார்கள். 1912-இல் ஆர்தர் எல்ட்ரெட் முதல் ஈகிள் ஆனதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூடியிருந்த கதவு அது. விதிகள் இருவருக்கும் ஒன்றே.

உங்கள் மகனுக்கு நான் சொல்லும் கால அட்டவணை இது. ஜனவரிக்குள் ஸ்டார். குளிர்காலத்தில் அந்த மூன்று நாட்காட்டிப் பேட்ஜ்கள். ஊருக்குப் போய்த் திரும்பிப் பதினோராம் வகுப்பு தொடங்கும்போது லைஃப். அக்டோபரில் திட்ட முன்மொழிவு, கராஜுக்குள் செய்யக்கூடிய வேலையாக இருந்தால் டிசம்பருக்குள் முடித்துவிடலாம். வசந்தகாலம் முழுவதும் தேர்வுக்கு. அப்போது சாரணியத்தில் அவன் பொறுப்பை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும். கோடையில் மிச்சமுள்ள பேட்ஜ்கள். பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபரில் நேர்காணல். அப்போது 18 வயதுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கும். அந்த எட்டு மாதமும் அவன் படையிலேயே இருக்கட்டும். கீழே டெண்டர்ஃபுட்டில் நிற்கும் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அவனைப் போன்ற ஒருவன் தேவைப்படுவான்.